இனிப்புநீரை எதில் அளப்பது? விரல் ஸ்டிரிப், கைச் சென்சார், கிளினிக் ரத்தப் பரிசோதனை, ‘கிராஃபீன்’ கடிகாரம்: ஓர் ஒப்பீடு

மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களில் பல வீடுகளில் இப்போது நடக்கும் பேச்சு இது. அம்மாவுக்கு இனிப்புநீர், அதாவது நீரிழிவு. கிளினிக்கில் சில மாதங்களுக்கு ஒருமுறை ரத்தம் எடுக்கிறார்கள். வீட்டில் ஒரு பழைய மெஷின் கிடக்கிறது, ஸ்டிரிப் தீர்ந்து வெகுநாளாயிற்று. கோலாலம்பூரில் வேலை பார்க்கும் மகன், கையில் ஒட்டும் சென்சார் வாங்கித் தருகிறேன் என்கிறார். மருமகள் இணையக் கடையில் ஒரு கைக்கடிகாரத்தைக் காட்டுகிறார். ஊசி வேண்டாம், ரத்தம் வேண்டாம், ‘கிராஃபீன் நானோ சென்சார்’ என்று போட்டிருக்கிறது, விலையும் மலிவு. அம்மா யார் பேச்சைக் கேட்பது?

இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது. 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் 18 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்தால் அது 31.4 விழுக்காடு. நம்மில் மூன்று பேரில் ஒருவர் என்றே வைத்துக்கொள்ளலாம். தப்பான எண்ணை நம்பி ஊசி போட்டாலும் ஆபத்து, சரியான எண்ணைப் பார்க்காமல் விட்டாலும் ஆபத்து.

‘எந்தக் கருவி நல்லது?’ என்றுதான் எல்லாரும் ஆரம்பிக்கிறார்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: அம்மா என்ன மருந்து எடுக்கிறார்? அதற்குப் பதில் தெரிந்தால் பாதி முடிவு தானாக வந்துவிடும்.

எதை வைத்து நிறுத்துப் பார்ப்பது

முதலில் மருந்து. மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவருக்குச் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்குவது அரிது. கிளிக்லாசைட், கிளிபென்கிளமைட் போன்ற மாத்திரைகள் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைப்பவை. சாப்பாடு தள்ளிப்போனால் சீனி இறங்கிவிடும். இன்சுலின் ஊசிக்கு அந்த ஆபத்து இன்னும் கூடுதல்.

அடுத்தது, எண்ணைப் பார்த்து என்ன செய்யப் போகிறீர்கள் என்பது. எண்ணைப் பார்த்துவிட்டு உணவையோ மருந்தையோ வேலையையோ மாற்றப் போவதில்லை என்றால், ஒரு நாளைக்குப் பத்துத் தடவை அளந்தும் பயனில்லை.

மூன்றாவது துல்லியம். விரல் மெஷின்களுக்கான பன்னாட்டுத் தரம் ஐஎஸ்ஓ 15197, 2013ஆம் ஆண்டுப் பதிப்பு. 5.55 மில்லிமோலும் (ஒரு லிட்டர் ரத்தத்துக்கு இத்தனை என்று நம் மெஷின்கள் காட்டும் அலகு) அதற்கு மேலும் உள்ள அளவுகளில், நூற்றுக்கு 95 முடிவுகள் ஆய்வகக் கணக்கிலிருந்து 15 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். அதற்குக் கீழே 0.83 மில்லிமோலுக்குள். ஆய்வகத்தில் 8.0 என்றால் மெஷின் 6.8 முதல் 9.2 வரை எதைக் காட்டினாலும் அது பழுதில்லை. ‘ரெண்டு மெஷின் ரெண்டு விதமா காட்டுது’ என்று பதறுகிறவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ளலாம்.

நான்காவது முழுச் செலவு. மெஷின் விலை அதில் ஆகச் சிறிய பங்கு. ஸ்டிரிப், ஊசி, பஸ் காசு, விடுப்பு எடுத்தால் போகும் கூலி, சென்சாருக்கு ஏற்ற கைப்பேசி என எல்லாவற்றையும் சேர்த்துக் கூட்ட வேண்டும்.

கடைசியாக நம் ஊர் வெயில், ஈரம், வேர்வை. குளிரூட்டிய ஆய்வறையில் சரியாக வேலை செய்யும் பொருள், செம்பனைக் காட்டில் குலை வெட்டுகிறவர் கையில் அப்படியே வேலை செய்யும் என்று சொல்ல முடியாது.

விலைகள் கடைக்குக் கடை மாறும். கீழே உள்ளவை ஒரு மதிப்பீட்டுக்கு.

| | விரல் ஸ்டிரிப் | கைச் சென்சார் | கிளினிக் எச்பிஏ1சி | ஊசியில்லாக் கடிகாரம் |
|---|---|---|---|---|
| எதைக் காட்டும் | அந்த நொடியின் அளவு | நாள் முழுக்க ஏற்ற இறக்கம் | கடந்த 2, 3 மாதச் சராசரி | நம்பத்தக்க எதையும் இல்லை |
| செலவு | ஸ்டிரிப்புக்குச் சுமார் 1, 2 வெள்ளி | 14 நாளுக்கு 200 வெள்ளிக்கு மேல் | அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு 1 வெள்ளி | வாங்கும் விலை, பிறகு தப்பான முடிவின் விலை |
| சீனி இறங்குவதைப் பிடிக்குமா | அளந்தால் பிடிக்கும் | பிடிக்கும், சில வகைகள் அலாரமும் அடிக்கும் | பிடிக்காது | பிடிக்காது |
| நம் வெயிலில் பிரச்சினை | ஸ்டிரிப் கெடும் | ஒட்டு கழலும் | இல்லை | பேசிப் பயனில்லை |
| யாருக்கு | இன்சுலின், தூண்டும் மாத்திரை எடுப்பவர்கள், கர்ப்பிணிகள் | வகை 1 இனிப்புநீர் (உடம்பே இன்சுலின் சுரக்காதது), அடிக்கடி சீனி இறங்குபவர்கள் | எல்லாருக்கும் | யாருக்கும் இல்லை |

விரல் ஸ்டிரிப்பும் மெஷினும்

ஒரு ஸ்டிரிப்பை வெளிச்சத்தில் பிடித்துக் கிட்டத்தில் பாருங்கள். பல பிராண்டுகளில் நுனியை நோக்கிக் கறுப்புக் கோடுகள் ஓடும். அது கரி மை. பென்சிலில் இருக்கும் கிராஃபைட்டும், சில பத்து நானோமீட்டர் அளவே உள்ள கரித்துகளும் கலந்து, பனியனில் எழுத்து அச்சடிக்கும் அதே ஸ்க்ரீன் முறையில் அச்சிட்டது. அதன்மேல் ஓர் என்சைம் காய்ந்து ஒட்டியிருக்கும். ரத்தத்துளி பட்டதும் என்சைம் குளுக்கோஸிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கும், இடையில் உள்ள ஒரு வேதிப்பொருள் அதைக் கரிக்கோட்டுக்குக் கொண்டுபோகும், மெஷின் அந்த மின்னோட்டத்தை அளந்து ஐந்தாறு நொடியில் எண்ணாக மாற்றும். சில பிராண்டுகள் கரிக்குப் பதில் தங்கம் அல்லது பல்லேடியம் வைக்கின்றன. என்சைம் மின்முனை என்ற யோசனையைக் கிளார்க், லயன்ஸ் இருவரும் 1962இல் வெளியிட்டார்கள். இந்த வகையில் கையடக்க மெஷின் 1987இல் கடைக்கு வந்தது. மருத்துவத்தில் கரியின் பயன் என்று பெரிதாகப் பேசுகிறார்களே, அதில் ஆகப் பரவலான ஒன்று பல ஆண்டுகளாக நம் வீட்டு அலமாரியிலேயே இருக்கிறது.

எண் தப்பாக வருவதற்கு மெஷினைக் குறை சொல்வோம். பெரும்பாலும் காரணம் கைதான். ரம்புத்தான் உரித்த கை, மாம்பழம் அறுத்த கை, டுரியான் பிட்ட கை. பழச்சாறு கண்ணுக்குத் தெரியாமல் விரலில் காய்ந்திருக்கும். குத்தும்போது அந்தச் சீனி ரத்தத்துளியில் கரைந்து, 6 இருக்க வேண்டிய இடத்தில் 12, 15 என்று காட்டிவிடும். ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தால் இது முழுதாகப் போகாது. சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து உலர்த்த வேண்டும். ஈரக்கையில் குத்தினால் தண்ணீர் கலந்து எண் குறையும்.

கழுவத் தண்ணீர் இல்லாத இடத்தில், காட்டில் இருக்கும்போது, முதல் துளியைத் துடைத்துவிட்டு இரண்டாவது துளியை வையுங்கள்.

குத்துவது விரல் நுனியின் பக்கவாட்டில். நடுச்சதையில் குத்தினால் வலி அதிகம், மறுநாள் வெட்டுக்கத்தி பிடிக்கும்போதும் வலிக்கும். பால்மரம் வெட்டுகிறவர்கள் கத்தி பிடிக்காத கையின் மோதிர விரலையும் சுண்டு விரலையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம். ரத்தம் வரவில்லை என்று விரலைப் பிழியக் கூடாது. பிழிந்தால் சதைநீரும் சேர்ந்து வந்து ரத்தம் நீர்த்துப்போகும். கையைத் தொங்கவிட்டு ஒரு நிமிடம் ஆட்டிவிட்டுக் குத்தினால் ரத்தம் தானாக வரும். துளியை ஸ்டிரிப்பின் மேலே தேய்க்காமல் நுனியில் தொட்டுவிட்டால் போதும், அதுவே உறிஞ்சிக்கொள்ளும்.

அடுத்த எதிரி நம் காற்று. என்சைமுக்கு ஈரமும் சூடும் ஆகாது. ஸ்டிரிப் டப்பாவின் மூடியிலோ சுவரிலோ ஈரத்தை இழுக்கும் மருந்து இருக்கும். ஒன்றை எடுத்ததும் மூடிவிட வேண்டும். நான்கைந்தை வெளியே எடுத்து மேசையில் வைத்துக்கொண்டால் அந்த ஏற்பாடே வீண். பல பிராண்டுகளுக்கு 30 டிகிரிக்கு மேல் வைக்கக் கூடாது என்று எழுதியிருக்கும். மதியம் தகரக் கூரைக்கடியில், மோட்டார் சைக்கிள் இருக்கைப் பெட்டிக்குள், அது எளிதாகத் தாண்டிவிடும். அதற்காகக் குளிர்பெட்டியிலும் வைக்காதீர்கள். வெளியே எடுக்கும்போது உள்ளே நீர் கோத்துவிடும். வீட்டில் வெயில் படாத, அடுப்புக்கு எட்டத்தில் இருக்கும் அலமாரி போதும்.

இதில் ஒரு மறைந்த செலவு உண்டு. டப்பாவைத் திறந்தபின் இத்தனை மாதத்துக்குள் பயன்படுத்த வேண்டும் என்று கெடு இருக்கும். சிலவற்றுக்கு 3 மாதம், சிலவற்றுக்கு 6 மாதம். மாதம் ஆறு தடவை மட்டும் அளப்பவர் 50 ஸ்டிரிப் டப்பா வாங்கி, கெடு மூன்று மாதமென்றால், 32ஐக் குப்பையில் போடுகிறார். அப்படிப்பட்டவர்கள் 25 உள்ள டப்பாவை வாங்கலாம். இல்லையென்றால் ஒவ்வொரு ஸ்டிரிப்பும் தனி அலுமினிய உறையில் வரும் பிராண்டை வாங்கலாம். ஒன்றின் விலை கூடுதலாகத் தெரிந்தாலும் வீணாவது குறையும். டப்பா திறந்த தேதியை மேலேயே பேனாவால் எழுதிவிடுங்கள். இணையத்தில் பாதி விலைக்கு வரும் ஸ்டிரிப் பெரும்பாலும் தேதி நெருங்கியதாக இருக்கும். வாங்குவதாக இருந்தால் முதலில் தேதியைக் கேட்டு வாங்குங்கள்.

மெஷின் சரியா என்று பார்க்க எளிய வழி, கிளினிக்கில் ரத்தம் எடுக்கும் நாளில் அதைக் கையோடு கொண்டுபோவது. ரத்தம் எடுத்த ஐந்து நிமிடத்துக்குள், பசியாறுமுன், விரலில் அளந்து எழுதி வையுங்கள். ஆய்வக முடிவு வந்ததும் 15 விழுக்காட்டுக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

ரத்தச்சோகை இருந்தால் மெஷின் உண்மையைவிடக் கூட்டிக் காட்டும். வயிற்றுவழி டயாலிசிஸ் செய்பவர்களுக்கு இன்னும் தீவிரமான ஆபத்து இருக்கிறது. ஐகோடெக்ஸ்ட்ரின் என்ற திரவத்தைப் பயன்படுத்தினால் உடலில் மால்டோஸ் சேரும். ஜிடிஎச்-பிக்யூக்யூ வகை என்சைம் உள்ள ஸ்டிரிப்புகள் அதையும் குளுக்கோஸ் என்று எண்ணிவிடும். சீனி 3 இருக்கும்போது 10 என்று காட்டினால், இன்சுலின் போட்டு ஆளையே இழக்க நேரிடும். 1997 முதல் 2009 வரை இப்படி 13 மரணங்கள் பதிவானதாக அமெரிக்க மருந்து நிர்வாகம் 2009இல் எச்சரித்தது. வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், ஸ்டிரிப் உறையில் எந்த என்சைம் என்று டயாலிசிஸ் தாதியிடம் காட்டிக் கேட்காமல் வாங்காதீர்கள்.

குத்தும் பேனாவை வீட்டில் இருவர் பகிர்ந்துகொள்வது நம்மிடம் சாதாரணம். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஒரே பேனா, ஊசியை மட்டும் மாற்றுவார்கள், சில சமயம் அதையும் மாற்ற மாட்டார்கள். ஹெப்படைட்டிஸ் பி பரவ அது போதும். பேனா ஆளுக்கு ஒன்று. பழைய ஊசிகளைக் கெட்டியான பிளாஸ்டிக் போத்தலில் போட்டு மூடி, கிளினிக்கில் கொடுத்துவிடலாம்.

கையில் ஒட்டும் சென்சார்

மலேசியாவில் கிடைக்கும் ஃப்ரீஸ்டைல் லிப்ரே வகை சென்சார் பழைய 50 காசு நாணயத்தைவிடச் சற்றுப் பெரிய வில்லை. மேல்கையின் பின்புறம் ஒட்டும்போது, சுமார் 5 மில்லிமீட்டர் நீள மெல்லிய நுனி தோலுக்குள் போய் நிற்கும். உள்ளே நடப்பது ஸ்டிரிப்பில் நடப்பதுதான்: என்சைம், மின்முனை, மின்னோட்டம். வித்தியாசம், ரத்தத்தை அளக்காமல் சதைக்கு இடையே உள்ள நீரை அளக்கிறது, 14 நாள் ஓயாமல் அளக்கிறது.

அதன் பலம் பாதையைக் காட்டுவது. காலை பசியாறுமுன் 6.5, மாலை 7.8 என்று விரல் மெஷின் சொல்லும்போது எல்லாம் நலம் போலத் தெரியும். ரோத்தி சானாயும் தே தாரிக்கும் உள்ளே போன ஒன்றரை மணி நேரத்தில் 14ஐத் தொட்டதும், விடிகாலை 3 மணிக்கு 3.4க்கு இறங்கியதும் சென்சாரில்தான் தெரியும். பெரும்பாலான பெரியவர்களுக்கு இலக்கு, நாளில் 70 விழுக்காட்டு நேரமாவது 3.9க்கும் 10.0க்கும் இடையே இருப்பது, 3.9க்குக் கீழே 4 விழுக்காட்டுக்கு மிகாமல் இருப்பது. வயதானவர்களுக்கு மேலே கொஞ்சம் விட்டுக்கொடுத்து, கீழே இறங்குவதை 1 விழுக்காட்டுக்குள் வைப்பார்கள்.

சதைநீர் ரத்தத்துக்குப் பின்னால்தான் வரும், ஐந்து பத்து நிமிடம் தாமதம். சீனி வேகமாக இறங்கும்போது சென்சார் 4.8 காட்ட, ரத்தத்தில் 3.6 இருக்கலாம். கை நடுங்குகிறது, வேர்க்கிறது, ஆனால் சென்சார் நல்லா இருக்கிறது என்கிறது என்றால் உடம்பை நம்பி விரலில் அளந்து பாருங்கள். ஆக, சென்சார் வாங்கினாலும் மெஷினைத் தூக்கிப் போட முடியாது. சென்சார் ஒட்டிய கையின்மேல் சாய்ந்து படுத்தால் நுனி அழுந்திப் பொய்யாக இறக்கம் காட்டி நடுராத்திரி அலாரம் அடிக்கும். முதல் நாள் எண்களையும் கொஞ்சம் தள்ளுபடி செய்துதான் பார்க்க வேண்டும்.

கரைத்துக் குடிக்கும் வைட்டமின் சி மாத்திரைகளில் 1,000 மில்லிகிராம் உள்ளவை ஏராளம். இந்த வகை சென்சாரில் நாளுக்கு 500 மில்லிகிராமைத் தாண்டினால் எண் பொய்யாக ஏறக்கூடும். சளி பிடித்த வாரத்தில் ‘ஏன் திடீர்னு ஏறுது’ என்று இன்சுலினைக் கூட்டுவதற்கு முன் இதைச் சரிபாருங்கள். எம்ஆர்ஐ எடுக்கப் போனால் கழற்ற வேண்டியிருக்கலாம், அப்படியானால் மீதி நாட்களுக்கான காசு போச்சு.

கைப்பேசியில் என்எஃப்சி (கிட்டே கொண்டுபோனதும் தரவைப் படிக்கும்) வசதி இல்லாவிட்டால் அதை வைத்துச் சென்சாரைத் தொடங்க முடியாது. அம்மா வைத்திருக்கும் மலிவுக் கைப்பேசிகள் பலவற்றில் அது இருக்காது. வாங்குமுன் அமைப்புப் பகுதியில் தேடிப் பாருங்கள். ஸ்கேன் செய்து பார்க்கும் வகை 8 மணி நேரத் தரவைத்தான் வைத்திருக்கும், இரவில் படுக்குமுன்னும் எழுந்ததும் ஸ்கேன் செய்யாவிட்டால் இடையில் ஓட்டை விழும்.

ஒட்டு கழல்வதுதான் நம் ஊரில் பெரிய தலைவலி. குளித்து, துடைத்து, கை நன்றாகக் காய்ந்தபின் ஒட்டுங்கள். அன்று கையில் தேங்காய் எண்ணெய் தடவக் கூடாது. ஸ்பிரிட்டில் துடைத்து, அதுவும் காய்ந்த பிறகே ஒட்ட வேண்டும். குலை வெட்டுகிறவர் கழியைத் தூக்கும்போது மட்டை உரசிக் கழன்றுவிடலாம். அவர் அதிகம் உரசாத கையைத் தேர்ந்தெடுத்து, மேலே மருந்தகத்தில் கிடைக்கும் வலைப்பட்டியை ஒட்டிக்கொள்ளலாம்.

செலவைப் பார்ப்போம். ஆண்டுக்கு 26 சென்சார். ஒன்று 200 வெள்ளி என்று குறைத்து வைத்தாலும் 5,200 வெள்ளி, மாதத்துக்கு 430க்கு மேல். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி வாங்கும் வீட்டில் கால்பங்குச் சம்பளம் அதிலேயே போய்விடும். அதனால் எல்லாரையும் வாங்கச் சொல்ல மாட்டேன். ஆனால் நடுவழி ஒன்று இருக்கிறது. ஆண்டுக்கு இரண்டு சென்சார் மட்டும் வாங்கி, ஒவ்வொன்றையும் 14 நாள் வழக்கமான வேலை, வழக்கமான சாப்பாட்டோடு ஒட்டியிருந்து, என்ன சாப்பிட்டோம் எப்போது சாப்பிட்டோம் என்று எழுதி, அந்த அறிக்கையோடு மருத்துவரைப் பார்ப்பது. மருந்தின் அளவை மாற்ற 14 நாள் தரவு போதும். நானூறு ஐந்நூறு வெள்ளிக்கு ஆண்டில் இதைவிடப் பயனுள்ள தகவல் கிடைக்காது.

கிளினிக்கில் எடுக்கும் எச்பிஏ1சி

சிவப்பணு சுமார் 120 நாள் வாழும். அதிலுள்ள ஹீமோகுளோபினில் எத்தனை விழுக்காட்டில் சீனி ஒட்டியிருக்கிறது என்பதுதான் இந்த எண். 7 விழுக்காடு என்றால் சராசரி ஏறக்குறைய 8.6 மில்லிமோல், 8 என்றால் 10.2, 9 என்றால் 11.8, 10 என்றால் 13.4. முதல் நாள் பட்டினி கிடந்து ஏமாற்ற முடியாத பரிசோதனை இது. இதற்கு மட்டும் என்றால் வெறும் வயிறும் தேவையில்லை.

மறைந்த செலவு நேரம். காலையிலேயே போய் எண் எடுத்து உட்கார்ந்து, சம்பளமில்லா விடுப்பென்றால் 1,700 வெள்ளிச் சம்பளத்தில், மாதம் 26 வேலைநாள் கணக்கில் 65 வெள்ளி போகும். வெறும் வயிற்றுப் பரிசோதனையும் சேர்த்து எழுதியிருந்தால், கிளிக்லாசைட்டையோ இன்சுலினையோ வீட்டிலேயே போட்டுவிட்டு வந்து வரிசையில் மயங்குகிறவர்கள் உண்டு. மருந்தைப் பையில் கொண்டுபோய், ரத்தம் கொடுத்தபின் சாப்பாட்டோடு எடுக்க வேண்டும்.

சராசரி என்பதால் இது இறக்கத்தை மறைக்கும். ஒருவருக்கு எந்நேரமும் 9, மற்றவருக்கு 3க்கும் 15க்கும் இடையே ஊசல். இருவருக்கும் ஒரே எச்பிஏ1சி வரலாம். தலசீமியா, அண்மையில் ரத்தம் ஏற்றியது, சிறுநீரகக் கோளாறு, இரும்புச்சத்துக் குறைவு ஆகியவற்றில் எண்ணை நேராக நம்ப முடியாது. கர்ப்பிணிகளுக்கும் இது போதாது.

ஊசியில்லாக் கடிகாரமும் ‘கிராஃபீன்’ பேட்சும்

இதில் ஆய்வு உண்மை, விற்பனைதான் பொய். ரெண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

கிராஃபீன் என்பது ஒரே ஓர் அணு கனமுள்ள கரித்தாள். 2004இல் மான்செஸ்டரில் கைமும் நோவோசெலோவும் பிரித்தெடுத்து, 2010இல் நோபல் பெற்றார்கள். மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், வளையும், அதன்மேல் என்சைமை ஒட்டலாம். சென்சார் செய்ய ஆசை வருவது இயல்பு. 2016இல் சோல் தேசியப் பல்கலைக்கழகக் குழு தங்கம் கலந்த கிராஃபீனால் வேர்வையில் குளுக்கோஸை அளக்கும் பேட்ச் ஒன்றைக் காட்டியது. அதோடு மெட்ஃபார்மினைச் செலுத்தும் நுண்ணூசிகளும் இருந்தன, மருந்துப் பகுதி எலிகளில் சோதிக்கப்பட்டது. 2018இல் பாத் பல்கலைக்கழகக் குழு, சிறு மின்னோட்டத்தால் மயிர்க்கால் வழியாகச் சதைநீரை மேலே இழுத்து அளக்கும் கிராஃபீன் சென்சாரைப் பன்றித்தோலிலும் ஆரோக்கியமானவர்களிடமும் சோதித்தது. எம்ஐடியில் ஸ்ட்ரானோவின் குழு, குளுக்கோஸ் அளவுக்கேற்ப ஒளி மாறும் கரி நானோகுழாய்களைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்தது. அந்த ஒளி அண்மை அகச்சிவப்பு வகை என்பதால் தோலைத் தாண்டி வந்து கருவிக்குத் தெரியும்.

ஆய்வறையிலிருந்து கடைக்கு வர ஏன் இவ்வளவு காலம்? வேர்வையில் உள்ள குளுக்கோஸ் ரத்தத்தில் இருப்பதில் சுமார் நூறில் ஒரு பங்கு. வேர்க்கும் வேகம் மாறினால் அளவும் மாறும். பெரட்டு (தோட்டத்தில் காலை ஆளெண்ணிக்கை) முடிந்து ஒரு மணி நேரம் மரம் வெட்டியவரின் வேர்வையும், விசிறிக்குக் கீழே இருப்பவரின் வேர்வையும் ஒன்றல்ல. பாத் குழு கையாண்ட மின்னிழுப்பு முறையிலேயே குளுக்கோவாட்ச் என்ற கடிகாரத்துக்கு 2001இல் அமெரிக்க அனுமதி கிடைத்தது. தோல் எரிந்தது, வேர்த்தால் எண்ணைத் தவறவிட்டது, சந்தையில் நிலைக்கவில்லை. நானோகுழாயை உடம்புக்குள் வைப்பது என்றால் பாதுகாப்புக் கேள்வியும் உண்டு. நீண்ட, விறைப்பான சில வகைக் குழாய்கள் எலிகளில் ஆஸ்பெஸ்டாஸ் போல நடந்துகொண்டன. எம்டபிள்யூசிஎன்டி-7 என்ற ஒரு வகையை உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை ‘புற்றுநோய் தரக்கூடும்’ என்ற 2பி பிரிவில் வைத்திருக்கிறது.

இணையக் கடைக் கடிகாரத்துக்கும் இந்த ஆய்வுகளுக்கும் தொடர்பில்லை. அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். நாடி பார்க்கும் பச்சை விளக்குதான் மின்னும். தோலைக் குத்தாமல் தானாகவே சீனியை அளப்பதாகச் சொல்லும் எந்த ஸ்மார்ட் கடிகாரத்தையும் ஸ்மார்ட் மோதிரத்தையும் தாங்கள் அங்கீகரிக்கவில்லை, பயன்படுத்தாதீர்கள் என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரி 21ஆம் தேதி வெளிப்படையாக எச்சரித்தது. ஒட்டிய சென்சாரின் எண்ணைக் காட்டும் கடிகாரம் வேறு, அதில் தவறில்லை.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் இப்படிச் சோதிக்கலாம். பசியாறுமுன் கடிகாரத்திலும் விரலிலும் அளந்து எழுதுங்கள். சாப்பிட்டு ஒன்றரை மணி நேரம் கழித்து மறுபடி இரண்டிலும். மூன்று நாள் செய்தால் விரல் எண் ஏறி இறங்குவதும், கடிகாரம் 5க்கும் 7க்கும் இடையிலேயே உலவுவதும் தெரிந்துவிடும். ஆபத்தும் அங்கேதான். 2.9க்கு இறங்கியவரிடம் 5.8 என்று சொல்லும் கருவி, கருவியே இல்லாததைவிட மோசம்.

மலேசியாவில் 2012ஆம் ஆண்டு மருத்துவக் கருவிச் சட்டம், 737ஆம் சட்டம், மருத்துவக் கருவிகள் எம்டிஏ எனும் மருத்துவக் கருவி ஆணையத்திடம் பதிவாக வேண்டும் என்கிறது. பதிவுப் பட்டியலை எம்டிஏ இணையத்தளத்தில் யாரும் தேடலாம். பசார் மாலாமிலோ நேரடி விற்பனைக் கூட்டத்திலோ ‘நானோ கார்பன்’ பேட்ச் காட்டினால் பதிவு எண்ணைக் கேளுங்கள். எண்ணைச் சொன்னாலும் அதைத் தேடி, எந்தப் பயனுக்காகப் பதிந்திருக்கிறது என்று பாருங்கள். வலிக்குச் சூடு வைக்கும் பட்டியாகப் பதிந்துவிட்டு இனிப்புநீருக்கு விற்றால் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை.

யாருக்கு எது

மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர்: எச்பிஏ1சி முதுகெலும்பு. கூடவே மாதத்தில் மூன்று நாள், நாளுக்கு ஒரு வேளையைத் தேர்ந்து, சாப்பிடுமுன்னும் சாப்பிட்ட 2 மணி நேரத்திலும் அளந்தால் போதும். முதல் மாதம் பசியாறல், அடுத்த மாதம் மதியம், அதற்கடுத்தது இரவு. பொதுவான இலக்கு சாப்பிடுமுன் 4.4 முதல் 7.0, சாப்பிட்டபின் 8.5க்குள். உங்களுக்கான இலக்கை மருத்துவர் மாற்றியிருக்கலாம். தமிழ்நாட்டு உறவினரோ காணொளியோ 140, 180 என்று சொன்னால் அது மில்லிகிராம் கணக்கு, 18ஆல் வகுத்துக்கொள்ளுங்கள்.

கிளிக்லாசைட் எடுத்துக்கொண்டு காட்டு வேலைக்குப் போகிறவர்: விரல் மெஷின் கட்டாயம். விடியுமுன் மாத்திரையைப் போட்டு, தே ஓ (பாலில்லாத் தேநீர்) மட்டும் குடித்துப் பெரட்டுக்கு ஓடினால், பத்து மணி வாக்கில் மரத்தடியில் தலை சுற்றும். மாத்திரையைச் சாப்பாட்டோடுதான் எடுக்க வேண்டும். 3.9க்குக் கீழே என்றால் 3 தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி அளக்க வேண்டும். ஏறாவிட்டால் இன்னொரு முறை. அகார்போஸ் மாத்திரையும் எடுப்பவருக்குச் சாதாரணச் சீனி மெதுவாகத்தான் வேலை செய்யும், அவர் குளுக்கோஸ் தூளையே பையில் வைத்திருக்க வேண்டும்.

இரண்டு வேளை இன்சுலின்: நாளுக்கு 2, 3 ஸ்டிரிப், மாதம் 60 முதல் 180 வெள்ளி வரை. கிளினிக்கில் இனிப்புநீர்த் தாதியிடம் ஸ்டிரிப் உதவி உண்டா என்று கேளுங்கள், இடத்துக்கு இடம் மாறும். ஆண்டுக்கு இரண்டு சென்சார் வாங்க முடிந்தால் ஆகப் பயன் இவர்களுக்குத்தான்.

வகை 1 பிள்ளைகள், தூக்கத்தில் சீனி இறங்கியவர்கள், இறங்குவதை உடம்பு உணராதவர்கள்: காசைத் திரட்டியாவது அலாரம் உள்ள சென்சார்.

தைப்பூசத்துக்கோ கந்த சஷ்டிக்கோ விரதம் இருப்பவர்கள் முன்கூட்டியே மருந்து நேரத்தை மருத்துவரிடம் மாற்றிக்கொள்ள வேண்டும். விரத நாளில் விழித்ததும், நடுப்பகலில், விரதம் முடிக்குமுன் என மூன்று தடவை விரலில் அளக்க வேண்டும். காவடி எடுத்து நடக்கிறவரின் மெஷினும் சீனிப் பொட்டலமும் கூட வருகிறவர் பையில் இருக்கட்டும், மெஷினைத் துணியில் சுற்றி வெயில் படாமல். 3.9க்குக் கீழே காட்டினால் அந்த இடத்திலேயே விரதத்தை முடித்துவிட வேண்டும்.